ஐந்து சென்ரிமீற்றர்

அம்மா சொன்னது மர்யம்.
பதிவுக்காரருக்குக் கேட்டது மாரியம்மா.
தகப்பன் பெயருக்கான கட்டத்தில்
ஒரு கோடு இழுத்தார்,
அடிமட்டம் வைத்து, மிக நேராக.

இத்ரிஸ் என்று அம்மா ஒரே ஒரு முறை சொன்னாள்.
சூடான்காரர்.
ஜித்தாவில் அவள் பாத்திரம் தேய்த்த வீட்டில்
கார் ஓட்டியவர்.
வெங்காயம் உரித்தபடி சொன்னதால்
மேற்கொண்டு எதையும் கேட்க முடியவில்லை.

அவர் முடி எனக்கு.
சீப்பின் பல் உடையும்.
பெரட்டுக்களத்தில் காப்பிலிச்சி,
பீலிக்கரையில் நொண்டிக் காப்பிலிச்சி.
மாரியம்மா
பள்ளிக்கூட இடாப்பில் மட்டும் இருந்தாள்.

இடது கால் குட்டை.
கண்டி ஆஸ்பத்திரித் துண்டில்
எவ்வளவு என்று எழுதியிருந்தது.
அம்மா மறுபடி போனாள், இம்முறை குவைத்.
என் காலுக்கென்று அனுப்பிய காசில்
அருளாண்டி மாமா கூரைக்குத் தகரம் போட்டார்.
நீலத் தகரம்.
அந்த லயத்தில் யாருக்கும் இல்லாத நீலம்.

விருந்தாள் வந்தால்
விறகுக் கொட்டிலில் என்னைப் பூட்டுவாள் அத்தை.
மழை பிடிக்கும்.
அங்கிருந்து கேட்பேன்,
வீட்டுக்கு மேலே என் கால்
தடதடவென்று ஓடுவதை.

பெல்ட்டைப் பற்றி
இங்கே எழுதப் போவதில்லை.

மூன்றாம் வருஷம் பெட்டி வந்தது.
திறக்கக் கூடாதென்று
நான்கு மொழியில் ஒட்டியிருந்தார்கள்.

மயானப் பாதையில் அன்றுதான் முதலில் நடந்தேன்.
சேறு. தூக்கியவர்கள் சறுக்கினார்கள்.
தப்படித்தவர் முழங்காலில் விழுந்தார்.
நான் சறுக்கவில்லை.
இடப்பக்கம் மலை;
மேட்டில் குட்டைக் கால், பள்ளத்தில் நெட்டைக் கால்.
பதினோரு வயதில்
என் இரண்டு தோளும் ஒரே மட்டத்தில்.
அம்மாவைப் புதைக்கப் போகையில்
இப்படியொரு சந்தோஷம் வரலாமா?
வந்தது.

திரும்பும்போது இரட்டிப்பாய் நொண்டினேன்.

பிறகு எல்லா மலையிலும் நடந்து பார்த்தேன்.
கானோரம், கவ்வாத்து வெட்டிய கட்டை நடுவே,
ஸ்டோருக்குப் பின்னால்.
எந்த இடம் எவ்வளவு சாய்வு என்று
பாதம் சொல்லும், அடிமட்டம் பிறகு ஒத்துக்கொள்ளும்.
பழைய செருப்பின் அடியை நான்காய் அறுத்து
ஆணியடித்து இடது காலில் போட்டேன்.
ஹட்டனில் உயர்தரம் எழுதிய நாளில்
ஓர் ஆணி மேலே வந்து
கணிதத் தாள் முழுக்கக் குத்திக்கொண்டிருந்தது.

எப்படித் தாண்டி வந்தாய் என்று
மண்சரிவுப் பயிற்சியில் ஒருத்தி கேட்டாள்.
மலையை யார் தாண்டுவது?
சுற்றித்தான்.

நவம்பர். மூன்று நாள் அடைமழை.
கிளன்மோர் கீழ்ப்பிரிவு, ஆறாம் நம்பர் லயம்.
முகம் தெரியாத மம்மலில்
நடையைப் பார்த்தே அத்தை கண்டுகொண்டாள்.
'வாங்க மிஸ்' என்றாள்.

பின்சுவர் வெடிப்பில் கையை விட்டேன்.
உள்ளே மண் குளிர்ந்து, அசைந்து,
கன்று போடப்போகிற மாட்டின் வயிறு மாதிரி.
அளவுகோல் வைத்தேன்.
ஐந்து சென்ரிமீற்றர்.
படிவத்தில் எழுதும்போது பேனா நின்றது.
கண்டித் துண்டிலும் அதே எண்.

ஒன்றும் எழுதாமல் இறங்கிப் போகலாம்.
அந்த யோசனை வந்தது, பொய் சொல்ல மாட்டேன்.
மூன்று விநாடி இருந்திருக்கும்.
பிறகு சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டேன்,
கதவில், பெரிதாக.
இன்றைக்கே எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு.

மாமா கூரையைப் பார்த்தபடி நின்றார்.
'தகரத்த மட்டும் கழட்டிக்கிறவா, புள்ள?'
புள்ள.
அந்த வாயிலிருந்து அந்தச் சொல்.
'நேரமில்ல மாமா. நடங்க.'

மயானப் பாதைதான்.
மலை இடப்பக்கம்.
எட்டுக் குடும்பம், டோர்ச் மூன்று,
ஒரு தொலைக்காட்சிப் பெட்டி, கோழிகள்.
பின்னால் மாமா சறுக்குவது கேட்டது.
'தோளப் புடிச்சுக்கங்க.'

பிடித்தார்.
கை ரொம்பக் கனம்.
மேலே இருட்டில்
யாருமில்லாத வீட்டின் மேல்
நீலத் தகரம்
இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.